விஜயதசமித் தட்டு

அநியாயம் நடந்தது எங்கள் மதினிக்கு, அக்கா. ஒருத்தி வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டினாள்; மதினி மரியாதைக்கு அதை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய குற்றத்துக்காக, இந்த நாட்டில் குடியிருக்க உனக்குத் தகுதி உண்டா என்று அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் வழக்கு. இதைவிட அற்பமான ஒரு வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மன்னியுங்கள், நீங்கள் போனில் தமிழ் பேசியது காதில் விழுந்தது, அதனால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். யாழ்ப்பாணமா? ஓ, வவுனியாவா. நான் சங்கரன்கோவில், திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம். பெயர் செண்பகவல்லி. கனடாவுக்கு வந்து யூனிவர்சிட்டியில் பொலிட்டிகல் சயின்ஸ் எம்.ஏ. படிக்கிறேன். அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மதினி என்போம். பயமா? எனக்கா? இல்லை அக்கா. கோட்டை இறுக்கிப் போர்த்தியிருப்பது குளிரால். இந்த இமிக்ரேஷன் ஆபீஸ் ஹாலில் ஹீட்டர் சரியில்லை. நீங்கள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறீர்கள், உங்களுக்கு இந்த ஊர்க் குளிர் பழகியிருக்கும்.

பத்து இருபதுக்கு மதினியைக் கூப்பிட்டார்கள். இப்போது பத்து நாற்பத்தைந்து. மதினி எழுந்தபோது நானும் எழுந்தேன். இவர்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். வாசலில் நின்ற அந்த அம்மா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். மொழிபெயர்ப்பவர் போனில் வருவாராம். யார் அந்தப் போன் ஆள்? அவருக்குத் தட்சிணை என்றால் என்னவென்று விளங்குமா? நான் அதை விளக்கி இந்த ஆபீசுக்குப் பதினொரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் ஒரே வரியில் ஏதாவது சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டால்?

அண்ணன் வெளியே காரில் இருக்கிறான். அவனை அப்புறம் கூப்பிடுவார்களாம். உள்ளே வந்து உட்கார் என்றால் கூப்பிடட்டும், வருகிறேன் என்கிறான். அவன் சுபாவமே அப்படி. கோமதிநாயகம் என்று பெயர். ஆபீசில் வெள்ளைக்காரர்கள் அதை ஒடித்து 'கோமதி' என்று பொண்ணு பெயரில் கூப்பிடுகிறார்கள், ஆறு வருஷமாகத் திருத்தவில்லை. அப்படிப்பட்டவன்.

அவனுக்கு இங்கே நிரந்தரமாகக் குடியிருக்க பி.ஆர். வந்து நான்கு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தின தையில் கல்யாணம். மதினி விசிட்டர் விசாவில் வந்தார்கள். வந்தபின், மனைவி என்ற முறையில் அவர்களுக்கும் பி.ஆர். கேட்டு அண்ணன் விண்ணப்பம் போட்டான். அது வரும்வரை இங்கே இருக்கலாம், சமைக்கலாம், பனி பெய்வதைப் பார்க்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. வேலைக்குத் தனியாக ஒரு பெர்மிட். அதற்கும் போட்டோம். ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டோம். அது எந்த மேசையில் கிடக்கிறதோ.

ஊரில் மதினிக்கு ஆரி வேலையில் நல்ல பெயர். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில், கழுத்திலும் கையிலும் கொக்கி ஊசியால் ஜரிகை இழுத்து, மணி கோத்துப் பூ எடுப்பார்களே, அது. மாடியில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து அவர்களிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மதினி இங்கே வந்து பிராம்டனில், நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கும் ஒரு பேஸ்மெண்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் காரின் பின்சக்கரம் தெரியும். அவ்வளவுதான் தெரியும். ஒருநாள் என்னிடம், “செண்பகா, தலவலித் தைலம் வாங்கக்கூட ஒங்க அண்ணன்ட்டப் போயி நிக்க வேண்டியிருக்கு. அவுக ஒண்ணும் சொல்லமாட்டாக. கேக்கதுக்கு எனக்குத்தான் ஒருமாதிரியா இருக்கு” என்றார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது, அக்கா. பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் தைலத்துக்குக் கை நீட்டுவதா?

மதுரையில் ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் ஆரி டீச்சர் தேடிக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் எல்லாம் அங்கே. சம்பளம் சங்கரன்கோவில் பேங்கில் மதினியின் கணக்கில் விழும். நான் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். சம்பளம் கொடுப்பவரும் வெளிநாட்டில், சம்பளமும் வெளிநாட்டில் என்றால் அதை இங்கே வேலை பார்ப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் படித்தவரையில் அப்படித்தான் இருந்தது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

“எழுத்துல ஆயிரம் இருக்கும்ட்டி. நாளைக்கு ஒருத்தன் வந்து கதவத் தட்டுனா எழுத்தா வந்து பதில் சொல்லும்?”

“நான் சொல்லுதேன் பதில்.”

“நீ சொல்லுவ. நீ எல்லாத்துக்கும் சொல்லுவ.”

பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது மூன்று வருஷமும் பட்டிமன்றக் கோப்பை எனக்குத்தான், அக்கா. எந்த அணியில் போட்டாலும் ஜெயிப்பேன். ஒருமுறை காலையில் கூட்டுக்குடும்பமே என்று பேசி ஜெயித்து, மத்தியானம் அடுத்த சுற்றில் தனிக்குடித்தனமே என்று பேசியும் ஜெயித்தேன். அண்ணனெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? ஒன்றரை மணி நேரத்தில், “ஆள விடு தாயே” என்று எழுந்து போய்விட்டான். மதினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். “விதியில நல்லாப் பாத்துட்டியா செண்பகா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள். “பாத்தாச்சு மதினி” என்றேன்.

காலையில் எட்டு மணிக்கு வகுப்பு. அங்கே அப்போது சாயங்காலம். இரண்டு நாளில் மதினியின் குரலே மாறிவிட்டது. “ஏ பிரமிளா, ஊசியக் குத்தாத. கெஞ்சு. கெஞ்சினா அதுவா எறங்கும்” என்பார்கள். நான் பாத்ரூமில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பேன். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பிறகு வள்ளியம்மை வந்தாள்.

காரைக்குடிக்காரி. இங்கே மிசிசாகாவில் சொந்த வீடு, கணவன் பேங்கில். ஊரிலிருக்கும் தங்கையின் நம்பரைக் கொடுத்து, தங்கை பெயரில் பணம் கட்டி, மதினியின் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மூன்றாவது வாரம் ஸ்க்ரீனில் அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் வெயில் அடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் இருட்டிவிட்டது, அவளுக்கு மட்டும் வெயில். மதினிதான் கவனித்துக் கேட்டார்கள். பார்த்தால் அரைமணி நேர தூரத்தில் இருக்கிறாள்! பேச்சோடு பேச்சாக, “நேர்ல வந்து கத்துக்கவா அக்கா? ஸ்க்ரீன்ல பாத்தா எனக்குக் கொக்கி மாட்டவே மாட்டேங்குது” என்று கேட்டாள். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் அந்த ஊசி வசப்படும் என்பது உண்மைதான். நான்கு சனிக்கிழமை வந்தாள். வந்தாள், உட்கார்ந்தாள், காபி குடித்தாள், கூடவே கொஞ்சம் கற்றுக்கொண்டாள். விருந்தாளி. கடிதத்தில் நான் அப்படித்தான் எழுதினேன், விருந்தாளி என்று.

கதவு திறந்ததா? இல்லை, அது வேறு அறை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்குக்கூடச் சந்தனம் வைப்பார்கள், அக்கா. மதினி ஊசிகளையும், துணி மாட்டும் ஸ்டாண்டையும், கத்தரிக்கோலையும் சாமி முன்னால் வைத்தார்கள். லேப்டாப்புக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். முகத்துக்கு வெளிச்சம் அடிக்கும் வட்ட விளக்கு ஒன்று உண்டு, அதற்கும் ஒரு பொட்டு. அண்ணன், “மாடத்துக்கும் வைய்யி, அதுலதான நெட் வருது” என்று கிண்டல் பண்ணினான். இணையம் வரும் அந்தப் பெட்டியைத்தான் மாடம் என்கிறான். மதினி நிஜமாகவே அதற்கும் வைத்தார்கள். நாங்கள் சிரித்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விஜயதசமி. வள்ளியம்மை பட்டுப்புடவையில் வந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு ஜாக்கெட் துணி, மேலே ஒரு உறை. உறையில் நூற்றியொரு டாலர். அந்த ஒரு டாலர் இங்கே நோட்டாக வராதே, காசாகப் போட்டு ஒட்டியிருந்தாள். தட்டை நீட்டிக் காலில் விழப் போனாள். மதினி பின்னால் நகர்ந்தார்கள்.

“பழத்த எடுத்துக்கிடுதேன் வள்ளி. கவரு வேண்டாம்.”

“குருவுக்குத் தட்சிணை குடுக்காம எனக்கு வித்தை எப்படிக்கா தங்கும்?”

அண்ணன் கதவருகில் நின்று, வேண்டாம் என்று என்னிடம் கண்ணைக் காட்டினான். என்னிடம் எதற்குக் காட்ட வேண்டும்? வாங்கப்போவது மதினி. ஆனால் மதினியும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னேன்: தட்சிணை வேறு, கூலி வேறு. கூலி என்றால் பேசி வாங்குவது, பேரம் இருக்கும். நூற்றியொன்று என்று எந்த முதலாளி எந்தத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறான்? அந்த ஒற்றை ஒன்றுதான் இது கூலி இல்லை என்பதற்குச் சாட்சி. இதை மறுத்தால் அவளை அவமானப்படுத்துகிறீர்கள், உங்களையும் அவமானப்படுத்துகிறீர்கள். வாங்குங்க மதினி என்றேன். வள்ளியம்மை கைதட்டினாள். மதினி வாங்கினார்கள். நான் படம் எடுத்தேன். நல்ல படம் அக்கா. தட்டு, உறை, பின்னால் பொட்டு வைத்த லேப்டாப், எல்லாம் துலக்கமாக விழுந்திருந்தது.

இதில் என்ன தப்பு? சொல்லுங்கள். இல்லை, நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். எல்லோரும் இந்த இடத்தில் வேறெங்காவதுதான் பார்க்கிறார்கள்.

இங்கே ஊர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். வீடு வாடகைக்கு, முருங்கைக்காய் எங்கே மலிவு, இப்படி. அதில் வள்ளியம்மை, தான் முடித்த முதல் ஜாக்கெட்டைப் போட்டு, “என் குருவுக்கு நன்றி” என்று எழுதினாள். பெயர் போடவில்லை. யார் குரு, நம்பர் கொடு, ஃபீஸ் எவ்வளவு என்று முப்பது பெண்கள் கேட்டார்கள். அப்போது தியாகராஜன் அங்கிள் என்று ஒருவர், இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், உள்ளே வந்தார். “பெர்மிட் இல்லாமல் யாரும் இங்கே வகுப்பு எடுக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் சொல்கிறேன்” என்று எழுதினார்.

பொதுவாகத்தான் எழுதினார், யார் பெயரும் இல்லை என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான். பொதுவாக என்று ஒன்று உலகத்தில் உண்டா, அக்கா? அது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

பதினேழு மெசேஜ் போட்டேன். என் மதினி ஆவுடைச்செல்விக்குப் பெர்மிட் இல்லை, தேவையும் இல்லை என்று ஆரம்பித்தேன். மதுரைக் கம்பெனி, ஊர் பேங்க், விதி என்ன சொல்கிறது, எல்லாம் விலாவாரியாக. ஆறாவது மெசேஜில் ஒருத்தி, “அப்ப இங்க யாரும் அவங்களுக்குக் காசு குடுக்கலையா?” என்று கேட்டாள். கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிடும் வழக்கம் எனக்கு இல்லை. தட்சிணைக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். ஆதாரத்துக்கு அந்தப் படத்தைப் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள்.

அன்று சாயங்காலமே தியாகராஜன் அங்கிள் அண்ணனுக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் கேட்டேன். “தம்பி, கையெடுத்துக் கும்பிடுறேன், தங்கச்சிட்ட சொல்லி அந்தப் படத்த எடுத்துருங்க. காலம் நல்லா இல்ல” என்றார். அழித்தால் தப்பு செய்ததாக ஆகிவிடும் என்றேன். அண்ணன் கெஞ்சினான். ஒன்பது நாள் கழித்து, குரூப் அட்மினே எடுத்துவிட்டார்.

ஜனவரியில் இமிக்ரேஷனிலிருந்து கடிதம் வந்தது.

அண்ணன் ஆபீசிலிருந்து பத்து மணிக்கே வீட்டுக்கு வந்தான். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து, கடிதம் இருந்த போனை மேசையில் வைத்தான். அனுமதியில்லாமல் வேலை செய்ததாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது, முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும், இது உங்கள் விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும். கீழே படம். என் படம். உறையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. பொட்டு வைத்த லேப்டாப்பையும் ஸ்டாண்டையும் காட்டி, பணியிடம் போலத் தோன்றுகிறது என்று ஒரு குறிப்பு. சாமி கும்பிட்ட இடம், அக்கா!

மதினி படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். “அந்தப் படத்த நீ குரூப்புல போட்டியா, செண்பகா?” என்றார்கள்.

“ஆதாரத்துக்குப் போட்டேன் மதினி.”

“சரி” என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப்பின் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்களுக்கே தெரியும், குற்றம் காட்டிக்கொடுத்தவன்மேல் என்று.

அன்றைக்கே மதுரைக்குச் சொல்லி வகுப்பை நிறுத்தினார்கள். ஸ்டாண்டைப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அது சட்டப்படியான வேலை, அதை ஏன் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தோம். அண்ணன் லேப்டாப்பைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினான். மேலே வீட்டுக்காரர் நடந்தால் நாங்கள் பேச்சை நிறுத்துவோம். ஒருநாள் மத்தியானம் கதவு பலமாகத் தட்டப்பட்டது. மதினி கையிலிருந்த கரண்டியோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நான் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டை. ஆர்டர் பண்ணியதை நாங்களே மறந்திருந்தோம். கையெழுத்துப் போட்டு, மூட்டையை இழுத்து உள்ளே வைத்து, “மதினி, அரிசிதான்” என்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “மதினி, பொன்னி அரிசி” என்றேன். கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். முகம் கழுவியிருந்தார்கள். கரண்டியையும் கழுவியிருந்தார்கள்.

இங்கிருந்து போகச் சொன்னால் மதினி எங்கே போவார்கள்? ஊருக்குத்தான். ஊரில் என்ன சொல்வார்கள்? கனடா மாப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டான் என்பார்கள். விதி, கடிதம், வட்டம் போட்ட உறை, இதெல்லாம் சங்கரன்கோவிலில் யார் காதில் ஏறும்? அதுமட்டுமல்ல, உண்மையை மறைத்ததாக முடிவு கட்டினால் ஐந்து வருஷத்துக்கு வரவே முடியாமல் போகலாம். ஐந்து வருஷம், அக்கா. அண்ணன் இங்கே, அவர்கள் அங்கே. அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவனே படித்திருக்கிறான், அவனும் என்னிடம் சொல்லவில்லை.

யார் காட்டிக்கொடுத்திருப்பார்கள்? வள்ளியம்மையாக இருக்கலாம். கடிதம் வந்ததென்று கேட்டதும் அழுதாள், அவ்வளவு அழுவானேன்? ஆனால் எனக்குத் தியாகராஜன் அங்கிள்மேல்தான். படத்தை எடு, எடு என்று அப்படி ஏன் பதறினார்? மடியில் கனம் இல்லாதவர் பதறுவாரா? நான் அவருக்குப் போன் பண்ணி நேராகவே கேட்டேன். அந்த மனுஷன், “அம்மா, நல்ல வக்கீல் ஒருத்தர எனக்குத் தெரியும், நம்பர் அனுப்பவா?” என்றார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். வேண்டாம், என் மதினிக்கு நான் எழுதிக்கொள்வேன் என்றேன்.

எழுதினேன். பதினொரு பக்கம். விஜயதசமி என்றால் என்ன, குரு என்றால் யார், வெற்றிலை எதற்கு, நூற்றியொன்றில் அந்த ஒன்று எதற்கு. விண்ணப்பதாரர் இந்த நாட்டில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒரு விருந்தாளி பண்பாட்டின்படி ஒரு பரிசு கொடுத்தார். விண்ணப்பதாரர் பண்பாட்டின்படி ஏற்றுக்கொண்டார். என் புரொபசர் பார்த்திருந்தால் ஏ பிளஸ் போட்டிருப்பார். மதினிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர்கள், “நாலு சனிக்கெழம ஊசி புடிக்கச் சொல்லிக் குடுத்தேனே செண்பகா, அத எங்க எழுதியிருக்க?” என்றார்கள்.

“அது எழுதினா நமக்கே பாதகம் மதினி.”

“எழுதலன்னா?”

“பொய் சொல்லல. எழுதல. ரெண்டும் வேற.”

போட்டார்கள். பேனா மூடியைத் திரும்ப மாட்ட அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

அனுப்பிய பிறகுதான் எனக்கு... சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். அனுப்பிய பிறகு வேறொன்றைத் தேடும்போது ஒன்றைப் படித்தேன். விதியை மீறச் சொல்லி ஒருவருக்கு யோசனை சொன்னவரையும் சும்மா விடமாட்டார்களாம். நான் ஸ்டூடண்ட் பெர்மிட்டில் இருக்கிறேன், அக்கா. அப்பா வயலை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார். மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னேன், “மதினி, வாங்குங்கன்னு சொன்ன என்னையும் சேத்து ஃப்ளைட் ஏத்திருவாக போலிருக்கு, ரெண்டு பேரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்ட போடலாம்” என்று. அவர்கள் சிரிக்கவில்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். “சாப்ட்டியா நீ?” என்று கேட்டார்கள்.

நான் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பசி இல்லை, அவ்வளவுதான்.

இன்று காரில் வரும்போது மதினிக்கு முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். என்ன கேட்டாலும் பரிசு. யார் கேட்டாலும் பரிசு. கடிதத்தில் எழுதியதற்கு மாறாக ஒரு சொல் சொன்னால் எல்லாம் போச்சு என்றேன். ஏழு தடவை சொல்ல வைத்தேன். ஏழு தடவையும் சரியாகச் சொன்னார்கள். எட்டாவது தடவை அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, “போதும்ட்டி” என்றான். சத்தம் போடவில்லை. அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

உங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்? பதினொன்றரையா? அதுவரை இங்கேயே இருப்பீர்களா? இருங்கள் அக்கா. நான் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. பேச்சை நிறுத்தினால்தான் அந்தக் கதவு...

திறக்கிறது. மதினிதான். தனியாக வருகிறார்கள். கோட்டைக் கையில் வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா, போடாமலே வருகிறார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மதினி, இங்க. இங்க உக்காருங்க. என்ன சொன்னாக?”

“லெட்டர் வருமாம். தபால்ல இல்ல, கம்ப்யூட்டர்ல. ஒங்க அண்ணன் எங்க?”

“கார்ல. அத விடுங்க. பரிசுன்னு சொன்னீங்கள்லா?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“அந்தப் படத்தக் காட்டி, இது எதுக்குக் குடுத்ததுன்னு கேட்டாரு. நாலு சனிக்கெழம சொல்லிக் குடுத்தேன், அதுக்குக் குடுத்தா, வாங்குனேன்னு சொன்னேன்.”

“மதினி! பதினோரு பக்கம்! ஏழு தடவ சொன்னீங்களே மதினி!”

“சத்தம் போடாத. எல்லாரும் பாக்காங்க. அந்தப் பிள்ளைக்கு ஊசி வசப்பட்டுச்சுல்லா. நான் சொல்லிக் குடுக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்? வாய் வரல.”

“எழுதினது ஒண்ணு, சொன்னது ஒண்ணுன்னு ஆயிருச்சே. அதுக்கு என்ன சொன்னாரு?”

“எழுதிக்கிட்டாரு. மனுசன் மொகத்துல ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. பொறவு, வாங்கலாம்னு ஒனக்கு யாரு யோசன சொன்னாங்க, பேரச் சொல்லுன்னு கேட்டாரு.”

அக்கா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

“என்ன சொன்னீங்க?”

“‘யாரும் சொல்லல சார். வாங்காதீங்கன்னு எங்க நாத்தனா படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் கேக்கல’ன்னு சொன்னேன்.”